கால் போனால் வேலை போகுமா?

காவல் படையில் ஒருவர் வேலை பார்த்தார். பணியின்போது காயம் பட்டது. ஒரு காலை எடுக்க வேண்டியதாயிற்று. வேலையும் போயிற்று. அவர் வழக்குப் போட்டார். 2003இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அவரை நீக்கியது தவறு. ஏற்ற வேறு வேலை தர வேண்டும். சம்பளம் குறையக் கூடாது.

2016ஆம் ஆண்டுச் சட்டமும் அரசுப் பணியாளர்களுக்கு இந்த உரிமையைத் தருகிறது.

சட்டம் இருந்தால் போதுமா? கேட்க ஆள் வேண்டும். அதற்குத்தான் தொழிற்சங்கம்.

சங்கம் என்ன செய்யலாம்?
உட்கார்ந்து செய்யும் வேலை கேட்கலாம்.
கூலியைக் குறைத்தால் தட்டிக் கேட்கலாம்.
புகார் எழுத உதவலாம். கேரளத்தில் மாற்றுத்திறனாளிகள் ஆணையர் திருவனந்தபுரத்தில் இருக்கிறார். அவருக்கு அனுப்பலாம்.

பேசுவோம்:
உங்கள் சங்க அலுவலகத்துக்குப் படி உண்டா? நடக்க முடியாத தோழர் எப்படிக் கூட்டத்துக்கு வருவார்?