பாராங்கும் அதன் உறையும்

புதர் வெட்ட, இளநீர் சீவ, விறகு பிளக்க என மலேசியக் கிராமங்களில் பாராங் கத்திக்கு ஓயாத வேலை உண்டு. அதைக் கையால் அடித்துச் செய்யும் கொல்லர்கள் இன்றும் இருக்கிறார்கள். லாரியின் சுமையைத் தாங்கிய, வில்போல் வளைந்த பழைய எஃகுப் பட்டைதான் அவர்களுக்குப் பிடித்த மூலப்பொருள். ஏறக்குறைய 0.6 விழுக்காடு கரிமம் கலந்த அந்த எஃகு கூரையும் தாங்கும், அடியையும் தாங்கும்.

பட்டையைக் காய்ச்சி அடித்து வடிவம் கொடுப்பது பாதி வேலைதான். பிறகு கத்தியை மீண்டும் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்க்க வேண்டும். சூடு குறைந்தால் கூர் நிற்காது. மிகுந்தால் கத்தி எளிதில் உடையும். எவ்வளவு சிவப்பு போதும்? நிழலான பட்டறையில் நிறத்தைப் பார்த்தே முடிவு செய்வது பழைய வழக்கம்.

புதிதாகக் கற்பவர்கள் இப்போது காந்தத்தைப் பயன்படுத்துகிறார்கள். ஏறக்குறைய 770 பாகை செல்சியஸில் எஃகு காந்தத்தில் ஒட்டாது. அதற்குமேல் இன்னும் சற்றுச் சூடேறினால் தோய்க்கும் பதம். அந்த ‘இன்னும் சற்று’ எவ்வளவு என்பதைக் காந்தம் சொல்லாது. அதற்குப் பழகிய கண்தான் வேண்டும்.

தோய்த்த கத்தி கண்ணாடியைப்போல் கடினமானது. கீழே விழுந்தாலே உடையலாம். அதனால் அதை மிதமாகச் சூடேற்றிப் பதப்படுத்துவார்கள். முன்பு தணலில் காட்டி, எஃகு வைக்கோல் நிறம் பெறும்வரை காத்திருந்தார்கள். இன்று சிலர் அணிச்சல் சுடும் மின்னடுப்பில் 200 பாகையில் இரண்டு மணி நேரம் வைக்கிறார்கள். சூடு சீராக இருப்பதால் இது நல்ல மாற்றமே. வீட்டாரின் அனுமதி கிடைத்தால் சரி!

உறை செய்வதும் எளிதன்று. சரவாக்கின் இபான் மக்கள் இரண்டு மரப்பலகைகளைக் கத்தியின் அளவுக்குக் குடைந்து, ஒன்றோடொன்று சேர்த்துப் பிரம்பால் கட்டுவார்கள். இத்தகைய உறையிலிருந்து கத்தியை உருவும்போது, கூர்ப்பக்கம் இருக்கும் விளிம்பில் விரல்களை வைக்கக்கூடாது. கூர் பலகைகளின் இடைவெளி வழியே பிரம்பை அறுத்துக்கொண்டு கையை வெட்டிவிடும். உறையை முதுகுப்பக்கமாகப் பிடிப்பதே பாதுகாப்பு.

பிவிசி குழாயைச் சூட்டில் இளக்கித் தட்டையாக்கி உறை செய்து பார்ப்பவர்களும் உண்டு. அது மழையில் ஊறாது. ஆனால், உள்ளே புகுந்த நீர் வெளியேற வழியில்லாமல் கத்தி துருப்பிடிக்கும். அதனால் உறையின் அடிமுனையில் ஒரு சிறு துளை இடுகிறார்கள்.