கேரம் போர்டிலிருந்து தொடங்குங்கள்

வீடியோ கேம் செய்யக் கற்றுத் தருகிறேன் என்றால் வட சென்னையின் ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் பெற்றோர் முதலில் கேட்பது இதைத்தான்: "ஏற்கெனவே போனும் கையுமாத்தான் கெடக்குது, நீங்க வேற ஏத்தி விடறீங்களா?" நியாயமான கேள்வி. கேம் விளையாடுகிற பிள்ளை யாரோ வைத்த விதிக்குள் ஓடுகிறது; கேம் செய்கிற பிள்ளை விதியைத் தானே வைக்கிறது, அது சரிவராவிட்டால் ஏன் என்று யோசிக்கிறது. இந்த வித்தியாசத்தை நம்பித்தான் சில ஆண்டுகளாக வார இறுதிகளில் இந்தப் பகுதிப் பிள்ளைகளோடு உட்காருகிறேன். இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சில குறிப்புகள்.

1. முதல் வகுப்பில் கணினி வேண்டாம்

தரையில் சாக்பீஸால் ஆடுபுலி ஆட்டம் வரையுங்கள். 3 புலி, 15 ஆடு, 23 புள்ளி. இரண்டு ஆட்டம் முடிந்ததும் ஒரே ஒரு எண்ணை மாற்றச் சொல்லுங்கள். புலியை நான்காக்கினால் "ஆடு ஜெயிக்கவே முடியாதுண்ணா" என்ற புகார் உடனே வரும். ஆட்டைக் கூட்டினால் புலிக்காரர் முறைத்துக்கொள்வார். இரு தரப்புக்கும் ஜெயிக்க வழி இருக்கும்படி எண்களை நிறுத்துவதுதான் கேம் வடிவமைப்பின் அடிப்படை. அது ஒரு சாக்பீஸ் துண்டில் புரிந்துவிடுகிறது.

2. கைப்பழக்கத்தில் இருக்கும் கணக்கை வெளியே எடுங்கள்

வட சென்னையில் கேரம் தெரியாத பிள்ளையைப் பார்ப்பது அரிது. 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் 3 தங்கம் வென்ற காசிமா புது வண்ணாரப்பேட்டைப் பெண். ஆகவே நான் முதலில் செய்ய வைக்கும் கேம், திரையில் ஒரு ஸ்ட்ரைக்கர். எம்.ஐ.டி.யில் மிட்செல் ரெஸ்னிக் குழு 2007இல் வெளியிட்ட ஸ்கிராட்ச் இதற்குப் போதும். கட்டளைக் கட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோத்தால் நிரல் தயார்.

அடித்த ஸ்ட்ரைக்கர் எப்படி நிற்கும்? ஒவ்வொரு ஃபிரேமிலும் வேகத்தை ஒன்றுக்குக் குறைவான ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். 0.9 போட்டுப் பார்த்த ஒரு மாணவி, "இன்னாண்ணா, பவுடரே போடாத போர்டு மாதிரி கீது" என்றாள். 0.99 போட்டாள், காய் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போனது. 0.97, 0.98 என்று நகர்த்தி, தன் தெரு போர்டின் ஓட்டம் வந்த இடத்தில் நிறுத்தினாள். உராய்வு, தசமம் இரண்டையும் அன்று நான் தனியாகப் பாடம் நடத்தவில்லை.

3. கதைக்கு வெளியூர் போக வேண்டாம்

முதலில் எல்லோரும் துப்பாக்கி, ஜாம்பி என்றுதான் கேட்பார்கள். அப்போது 'வெண்பா' கேமைக் காட்டுகிறேன். கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை, டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்டது. கிழிந்தும் மங்கியும் போன சமையல் குறிப்பேட்டை வைத்து இட்லி அவிப்பதும் புட்டு செய்வதும்தான் அதில் புதிர்கள். அது 2024இல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக கேம் விருதை வென்றது. நம் வீட்டு அடுப்படியே கேம் ஆகலாம் என்று தெரிந்ததும் பிள்ளைகளின் பேச்சே மாறிவிடுகிறது.

எண்ணூர்ப் பையன் ஒருவன் கழிமுகத்தில் இறால் பிடிக்கும் கேம் செய்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகத்தை மூடியதை நேரில் பார்த்தவன். முதலில் எண்ணெயை வாயைத் திறந்துகொண்டு துரத்தும் ஒரு பூதமாக வரைந்திருந்தான். "நெஜமா வந்தப்போ என்ன ஆச்சு?" என்று கேட்டேன். "தொரத்தல. வலைல ஒட்டிக்கிச்சு. இறாலு பிடிச்சாலும் யாரும் வாங்கல" என்றான். அதையே விதியாக்கினான்: எண்ணெய் பட்ட வலையில் விழும் இறாலுக்கு விலை பூஜ்யம். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து ஆழம் குறைந்த இடத்தில் படகு தட்டி நிற்கும். பூதம் போய்விட்டது, கேம் கனமாகிவிட்டது. சொல்ல வந்ததை விதியாலேயே சொல்ல முடியும் என்பதை வகுப்பு முழுக்க அன்று கண்டுகொண்டது.

4. செலவைக் காரணம் காட்டாதீர்கள்

ஸ்கிராட்சை ஒருமுறை இறக்கிக்கொண்டால் இணையம் இல்லாமலே ஓடும். அடுத்த கட்டத்துக்கு கோடோ (Godot) என்ற கேம் எஞ்சின். 2014இல் திறமூல மென்பொருளான இது முற்றிலும் இலவசம். நிறுவக்கூட வேண்டாம், பென் டிரைவிலிருந்தே இயக்கலாம். வீட்டில் கிடக்கும் அரசு மடிக்கணினியில் சின்ன இரு பரிமாண கேம் செய்யத் தடையில்லை.

5. சின்னதாக, ஆனால் முழுதாக

ஒரு திரை, ஒரு விதி, ஒரு முடிவு. இது முடிந்த பிறகே அடுத்தது. முடித்த கேமை வேறொரு பிள்ளை விளையாடும்போது, செய்தவர் வாயே திறக்கக் கூடாது. விளையாடுபவர் எங்கே தடுமாறுகிறார் என்று எழுதிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். விளக்கம் தேவைப்பட்ட இடமெல்லாம் திருத்த வேண்டிய இடம்.

ஓ.எம்.ஆரில் மென்பொருள் வேலை பார்க்கும் நண்பர்களே, மாதத்தில் ஒரு சனிக்கிழமை வடக்கே வாருங்கள். தலைமையாசிரியர்களே, அன்று உங்கள் பள்ளியின் ஹைடெக் லேபைத் திறந்து வையுங்கள். பிள்ளைகளிடம் சொல்ல விஷயம் நிறைய இருக்கிறது. கணினியும் பக்கத்தில் உட்கார ஓர் ஆளும்தான் வேண்டும்.