டீசல் டிரக்குக்குக் கேம்ஷாஃப்ட் மாற்றுமுன்…

அமெரிக்க டாட்ஜ் ராம் டிரக்குகளில் வந்த 5.9 லிட்டர் கம்மின்ஸ் எஞ்சினுக்குப் பவர் கேம் தேடுபவர்கள், வண்டிக்கு என்ன வேலை என்பதை முதலில் முடிவு செய்துகொள்வது நல்லது. டிரெய்லர் இழுக்கும் வண்டிக்குக் குறைந்த ஆர்பிஎம்மிலேயே இழுவை வேண்டும். பந்தயக் கேமைப் போட்டால் டர்போ எழத் தாமதமாகி, புகைதான் மிஞ்சும்.

பெட்ரோல் எஞ்சின் கணக்கு இங்கே செல்லாது. டீசல் பிஸ்டன் மேலே வரும்போது ஹெட்டை ஏறத்தாழ நெருங்கிவிடும். கேமின் லிஃப்டும் ஓவர்லாப்பும் அளவு மீறினால் வால்வு பிஸ்டனில் இடிக்கும். கேம் எந்த வால்வு ஸ்பிரிங்கோடும் எந்தப் பிஸ்டனோடும் சேரும் என்ற தயாரிப்பாளரின் விவரத்தைப் படிக்காமல் பணம் கட்டவே கூடாது.

டேப்பெட்டுகளும் புதிதாகவே இருக்கட்டும். தேய்ந்த பழைய டேப்பெட் புதுக் கேமின் லோபைச் சீக்கிரம் தின்றுவிடும். இந்த எஞ்சினின் டேப்பெட்டுகள் காளான் வடிவம். அதனால் கேமை உருவும்போது ஒவ்வொன்றுக்குள்ளும் மேலிருந்து மரக்குச்சியை இறுகச் செருகித் தூக்கி, ரப்பர் பேண்டால் கட்டி நிறுத்துவார்கள் மெக்கானிக்குகள். பிடி நழுவினால் டேப்பெட் நேரே ஆயில் பேனுக்குள்தான்!

பூட்டும்போது லோபுகளில் அசெம்பிளி லூப் தடவி, வால்வு இடைவெளியைக் கேம் தயாரிப்பாளர் சொன்னபடி வைக்க வேண்டும். கம்பெனிக் கேமுக்கு இன்டேக் 0.010 அங்குலம், எக்ஸாஸ்ட் 0.020 அங்குலம். முதல் ஸ்டார்ட்டில் ஐடிலில் விடாமல், ஏறத்தாழ 20 நிமிடம் 2,000 ஆர்பிஎம்மை ஒட்டி ஓட்டுவது முக்கியம்.

இன்னொரு டிரக் டீசல் எஞ்சினான டியூராமேக்ஸ் வி8-க்கு, கிராங்க் உடையும் அபாயத்தைக் குறைக்க ஃபயரிங் ஆர்டர் மாற்றிய கேம்கள் கிடைக்கின்றன. அதற்கேற்ப எஞ்சினின் கணினியான இசிஎம்மையும் டியூன் செய்தாக வேண்டும்.