கொக்கின் அலகில் ஒரு சான்று

கொக்கு தனக்கேற்ற மீன் வரும்வரை காத்திருக்கும் என்பதை ஔவையாரின் மூதுரை வாயிலாக இளமையிலேயே கற்றோம். ஆனால் எண்ணூர்க் கழிமுகத்தில் காணும் நாரையும் கொக்கும் மீனை மட்டுமே உண்டு வாழும் இனங்கள் அல்ல. நண்டு, தவளை, தும்பி, எலி, நீர்ப்பாம்பு ஆகியனவும் அவற்றுக்கு இரையாகும். இத்தகைய அரிய இரையைப் பறவை பற்றும் காட்சியைப் படமெடுப்பது வெறும் பொழுதுபோக்கு அன்று. முறையாகச் செய்தால் அது ஓர் அறிவியல் ஆவணமாகும். அம்முறையை இங்குக் காண்போம்.

முதற்கண், பறவைகள் இரைபிடிக்கும் விதத்தை அறிதல் வேண்டும். சாம்பல் நாரை அசையாது நின்று, மடித்து வைத்த கழுத்தைச் சட்டென நீட்டி இரையைப் பற்றும். மீனைத் தலைப்புறமாகத் திருப்பியே விழுங்கும். வாற்புறமாக விழுங்கினால் துடுப்பு முட்கள் தொண்டையில் தைக்குமன்றோ? எலியைப் பிடித்தால் நீரில் தோய்த்து விழுங்குவதும் உண்டு. நீர்ப்பாம்பு அலகையும் கழுத்தையும் சுற்றிக்கொள்ளுமாதலால் போராட்டம் நீளும். வளைந்த நீண்ட அலகுடைய குதிரைமலைக் கோட்டானோ, சேற்றிலிருந்து நண்டை இழுத்து, உதறிக் கால்களை முறித்த பின் உடலை விழுங்கும்.

ஆகவே ஒரே ஒரு படம் போதாது. பற்றுதல், திருப்புதல், விழுங்குதல் ஆகிய மூன்றையும் தொடர்ச்சியாக எடுத்தல் வேண்டும். 400 மி.மீ. டெலி லென்சும், நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அல்லது அதனினும் விரைவான ஷட்டர் வேகமும் ஏற்றவை. நீர் வற்றிச் சேற்றுத் திட்டுகள் வெளிப்படும் காலை வேளை சிறந்தது. மிக அருகே சென்றால் பறவை இரையை நழுவவிட்டுப் பறந்துவிடும். நம் படத்திற்காக அது பசியோடு போகலாகாது. நாமே இரை வைத்து எடுத்த படமோ சான்றாகாது.

படத்தைவிடக் குறிப்பு இன்றியமையாதது. நாள், நேரம், இடம், நீர்மட்டம், பறவை, இரை ஆகியவற்றை அங்கேயே எழுதிக்கொள்ள வேண்டும். சாம்பல் நாரையின் அலகு ஏறத்தாழ 12 செ.மீ. நீளமுடையது, அதனோடு ஒப்பிட்டு இரையின் அளவைக் கணிக்கலாம். இரையின் பெயர் தெரியாவிடில் அங்குள்ள மீனவரைக் கேட்கலாம். சென்னையில் வாழ்ந்த இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் (1912–1996) கறுப்பு வெள்ளைப் படங்களோடு கூர்ந்த குறிப்புகளையும் எழுதி வந்தார். அவர் நமக்கு நல்ல முன்னோடி.

இப்பணிக்கு எண்ணூர் ஏன் பொருத்தமான இடம்? கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் இக்கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்துள்ளது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது மணலிப் பகுதியிலிருந்து எண்ணெய் வந்து பரவியது. கூழைக்கடாக்களின் இறகுகளிலும் அது படிந்தது. மேலும், மீனவர் ‘காக்கா ஆழி’ எனக் கூறும் அமெரிக்க வெப்பமண்டலக் கடற்கரைகளைச் சேர்ந்த மட்டி, இறால் வாழும் சேற்றுத்தரையை மூடிப் பரவி வருகிறது. இதனால் மீனவர் பிழைப்பே குன்றுகிறது.

எண்ணெய் படிந்த சேற்றில் நண்டுகள் மீண்டும் வந்தனவா? மட்டி பரவிய இடத்தில் பறவைக்குக் கிடைப்பது யாது? அந்த மட்டியையே தின்னும் பறவை உண்டா? ஒரே இடத்தில் மாதந்தோறும் எடுத்த, நாளும் நேரமும் குறித்த படங்கள் இவ்வினாக்களுக்கு விடை காண உதவும். ஓரிரு படங்களைக் கொண்டு முடிவு கூறலாகாது. பல பருவங்களின் பதிவு வேண்டும்.

இராயபுரத்திலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் கல்லூரிக்கு வரும் நமக்கு எண்ணூர் தொலைவன்று. விலங்கியல் மாணவரும் புகைப்பட ஆர்வலரும் ஒன்றுகூடி, வரும் பனிக்காலத்திலேனும் இப்பதிவைத் தொடங்கலாம். கழிமுகத்தின் நிலை குறித்து நாளை எவரேனும் வினவினால், கையில் காட்டச் சான்று இருக்கும்.