மஃரிப் அணை: ஒரு மண்கரை கூறும் பாடம்

முன்னுரை

திருக்குர்ஆனின் 34ஆம் அத்தியாயம் 'ஸபா' என்னும் பெயருடையது. அதன் 15 முதல் 19 வரையிலான வசனங்கள் ஒரு சமுதாயத்தின் வாழ்வையும் வீழ்ச்சியையும் சுருங்கக் கூறுகின்றன. வலப்புறமும் இடப்புறமும் இரு சோலைகள். உண்டு மகிழ்ந்து நன்றி செலுத்துமாறு அறிவுரை. அதனைப் புறக்கணித்த மக்கள். 'ஸைலுல் அரிம்' என்னும் பெருவெள்ளம். அதன்பின் கசப்புக் கனிகளும் சவுக்கை ஒத்த பாலை மரங்களும் சில இலந்தை மரங்களும் மட்டுமே எஞ்சிய நிலம். இவ்வரலாற்றின் நடுவே நிற்பது ஓர் அணை. நபி சுலைமான் (அலை) அவர்களின் வரலாற்றில் இடம்பெறும் ஸபா அரசியின் நாடும் இதுவே. அவ்வணையைப் பற்றி இன்று கிடைக்கும் சான்றுகளைத் தொகுத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அணையின் அமைப்பு

ஏமன் நாட்டின் தலைநகரான சன்ஆவுக்குக் கிழக்கே ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவில் மஃரிப் அமைந்துள்ளது. பாலைவனத்தின் விளிம்பிலுள்ள இந்நகருக்குத் தன் மழை போதாது. மேற்கிலுள்ள மலைகளில் இளவேனிலிலும் கோடையிலும் பெய்யும் பருவமழையே காட்டாறாகத் திரண்டு, பலக் குன்றுகளின் இடைவெளி வழியே இவ்விடம் வந்து சேரும். ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் ஆறு, சில நாள்கள் மட்டும் சீறிப் பாயும். அச்சீற்றத்தைத் தணித்து வயலுக்குத் திருப்புவதே ஸபா மக்கள் மேற்கொண்ட பெரும்பணி.

அவர்கள் குறுக்கே எழுப்பியது மண்ணாலான கரை. அதன் நீளம் 600 மீட்டருக்கும் சற்று மிகுதி; இறுதிக் கட்டத்தில் உயரம் ஏறத்தாழ 15 மீட்டர். நீரை நோக்கிய சரிவு கற்களால் போர்த்தப்பட்டது. இரு முனைகளிலும் செதுக்கிய பாறைக் கற்களால் மதகுகள் கட்டப்பட்டன. ஆண்டு முழுவதும் நீரைத் தேக்கி வைப்பது இவ்வணையின் முதன்மை நோக்கமன்று. வெள்ளத்தின் மட்டத்தை உயர்த்தி, மதகுகளின் வழியே வாய்க்கால்களுக்கு அனுப்புவதே அதன் பணி. ஏறத்தாழ 9,600 ஹெக்டேர் நிலம் இவ்வாறு பாசனம் பெற்றது. வடகரையில் அப்யன், தென்கரையில் யஸ்ரான் என இரு பசுஞ்சோலைகள் இருந்ததைப் பண்டைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. இறைமறை சுட்டும் இரு சோலைகளை இவ்விரண்டோடு பொருத்திப் பார்ப்பது இயல்பேயாகும்.

'அரிம்' என்னும் சொல்

மொழி பயிலும் மாணவர் இங்குச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். 'அரிம்' என்பதற்கு விரிவுரையாளர்கள் பல பொருள் கூறியுள்ளனர். அணை என்றனர் சிலர்; பள்ளத்தாக்கின் பெயர் என்றனர் சிலர்; கடுமழை என்றும், கரையைத் துளைத்த எலியின் பெயர் என்றும் உரைத்தாரும் உளர். பிற்காலத்தில் படித்தறியப்பட்ட ஸபா மொழிக் கல்வெட்டுகளில் இச்சொல்லே அணையைக் குறிக்க ஆளப்பட்டுள்ளது. எனவே 'அணையின் பெருவெள்ளம்' என்ற பொருள் வலுப்பெறுகிறது. மறைந்த மொழியொன்றின் கல்வெட்டு, வாழும் மறையின் சொல்லுக்கு விளக்கம் தருவது வியப்பிற்குரியது.

உடைப்பும் சீரமைப்பும்

அணை ஒரே நாளில் உடைந்து அழிந்தது என்றே நம்மிற் பலர் எண்ணுகிறோம். கல்வெட்டுகளோ அது பன்முறை உடைந்து பன்முறை எழுந்ததைக் கூறுகின்றன. கி.பி. 5ஆம் நூற்றாண்டில் ஹிம்யர் மன்னர் ஷுரஹ்பீல் யஃபுர் அதனைச் சீரமைத்தார். யானைப்படை நிகழ்ச்சியால் நாம் அறிந்த அப்ரஹாவும் கி.பி. 548ஆம் ஆண்டளவில் அதனைப் பழுதுபார்த்தான். அவன் நாட்டிய கல்வெட்டு, பணியின் நடுவே கொள்ளைநோய் பரவியதையும், கூடியிருந்த குலத்தாரை அனுப்பி மீண்டும் அழைத்ததையும், உழைத்தோர்க்கு வழங்கிய மாவு, பேரீச்சை, ஆடு மாடுகள் ஆகியவற்றின் கணக்கையும் பொறித்துள்ளது. அணையைக் காப்பது தனியொருவர் செயலன்று. பல குலங்கள் ஒன்றுகூடிச் செய்யும் பொதுப்பணி என்பது இதனால் விளங்கும்.

அப்பணி காலப்போக்கில் கடினமாயிற்று. வெள்ளம் நீரை மட்டுமா கொணர்ந்தது? வண்டலையும் கொணர்ந்தது. வயல்களில் ஆண்டுதோறும் படிந்த வண்டல் சில இடங்களில் ஏறத்தாழ 30 மீட்டர் கனத்தை எட்டியது. நிலம் உயர உயர, மதகும் கரையும் உயர வேண்டியதாயிற்று. கரை உயர்ந்தபோது அதன்மீது நீரின் அழுத்தமும் மிகுந்தது. வளம் தந்த வண்டலே சுமையாகவும் ஆயிற்று. 6ஆம் நூற்றாண்டின் இறுதியிலோ 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ நிகழ்ந்த உடைப்பிற்குப் பின் அதனை எடுத்து நிறுத்துவார் இல்லை.

எலி துளைத்த கதை

எலியொன்று கரையைத் துளைத்ததாக வழங்கும் கதை திருமறையில் இல்லை; விரிவுரை மரபில் உள்ளது. ஆயினும் அது பொருளற்றதன்று. மண்கரையில் வளை தோண்டும் உயிர்களால் கசிவு தோன்றும். கசியும் நீர் மண்துகளை உடன் அரித்துச் செல்லும். துளை உட்புறமாகவே பெருகி ஒருநாள் கரை பிளக்கும். ஏரிக்கரைக் காவல் அறிந்த நம் முதியோர் இதனை நன்குணர்வர். சிறு வளையைக் கண்டவுடன் அடைப்பார் இருந்தால் பெருவெள்ளமும் அடங்கும். கண்டும் காணாது செல்வார் மிகுந்தால் மலை போன்ற கரையும் நில்லாது.

புதிய அணையும் இன்றைய நிலையும்

பழைய அணைக்கு மேற்புறம் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தொலைவில், ஐக்கிய அரபு அமீரகத் தலைவர் ஷேக் ஸாயித் அவர்களின் நிதியுதவியுடன் 1986ஆம் ஆண்டில் புதிய அணை திறக்கப்பட்டது. இதுவும் மண் அணையே. இதன் நீளம் 763 மீட்டர். நீர்த்தேக்கத்தின் கொள்ளளவு 39.8 கோடி கனமீட்டர், அதாவது நம் வழக்கில் ஏறத்தாழ 14 டி.எம்.சி. பழைய அணை வெள்ளத்தைத் திருப்பியது. புதியதோ தேக்கி வைக்கிறது.

2015ஆம் ஆண்டுப் போரின்போது வான்தாக்குதலால் பழைய அணையின் எச்சங்கள் சேதமுற்றன. 2023ஆம் ஆண்டில் யுனெஸ்கோ, மஃரிபின் ஸபா காலச் சின்னங்களை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்ததோடு, ஆபத்திலுள்ளவற்றின் பட்டியலிலும் சேர்த்தது. ஆயிரம் ஆண்டுக்கு மேல் வெள்ளத்தைத் தாங்கி நின்ற கற்கள் மனிதப் பகைமையைத் தாங்க வேண்டியதாயிற்று.

முடிவுரை

அணை இறைவனின் தண்டனையால் அழிந்ததா, பராமரிப்பின்மையால் அழிந்ததா என மாணவர் வினவுவதுண்டு. இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல என்பதே என் கருத்து. நன்றி என்பது நாவால் மட்டும் செலுத்தப்படுவதன்று. கிடைத்த நீரை அளவோடு பகிர்வதும், கரையின் துளையை அடைப்பதும், அண்டையிலுள்ளோரோடு கூடி மண் சுமப்பதும் நன்றியின் வடிவங்களே. அவை ஒழிந்த இடத்தில் நன்றிகேடு தொடங்குகிறது. வெள்ளம் பின்னர்தான் வருகிறது.

சிதறிப்போன கூட்டத்தை 'ஸபாவினரைப் போலச் சிதறினர்' என்பது அரபியர் வழக்கு. கரை உடையுமுன் ஒற்றுமை உடைந்துவிடக் கூடாது என்பதே அப்பழமொழி நமக்கு உணர்த்தும் எச்சரிக்கை. அதனை உணர்ந்து, நம் பொறுப்பில் உள்ள நீர்நிலைகளையும் நிறுவனங்களையும் காப்போமாக!