பிறமொழியில் உரையாடும் முறை

ஒரு மொழியின் சொற்களை அறிவது வேறு. அம்மொழியில் உரையாடும் முறையை அறிவது வேறு. திருவண்ணாமலையில் ரமணாசிரமப் பகுதியில் வாழும் நம் அங்கத்தினர்கள் இதனை நன்குணர்வர். பல நாட்டினரும் வந்து தங்கும் இவ்விடத்தில், ஆரணிப் பட்டையோ நிலக்கடலையையோ வாங்க விரும்பும் ஒருவர் கைப்பேசி வழியே ஆங்கிலத்தில் எழுதிக் கேட்கக்கூடும். நாம் எழுதும் விடையின் நயத்தைப் பொறுத்தே அவர் நம்பிக்கை நிலைக்கும்.

எழுத்தால் உரையாடுவது இம்மலைக்குப் புதிதன்று. 1902-ஆம் ஆண்டில் விரூபாட்ச குகையில், பேசாதிருந்த ரமணரிடம் சிவப்பிரகாசம் பிள்ளை வினவினார். விடைகள் எழுத்து மூலமாகவே வந்தன. அவையே பின்னர் 'நான் யார்?' என்னும் நூலாயின. எழுதி உரையாடுவதில் ஒரு நன்மை உண்டு: விடையளிக்குமுன் நிதானிக்க இயலும். கைப்பேசியிலோ, எழுதியவற்றை மறுமுறை படித்துப் பார்க்கவும் இயலும். பிறமொழி பயில்வோருக்கு இது பேருதவியாகும்.

இப்பயிற்சி ஏன் அவசியம்? 1983-இல் ஜென்னி தாமஸ் என்னும் மொழியியல் அறிஞர் இதனை விளக்கினார். இலக்கணம் பிழைத்தவரை 'மொழி அறியாதவர்' என்று பொறுத்துக்கொள்வர். முறை பிழைத்தவரையோ 'பண்பில்லாதவர்' என்றே கருதிவிடுவர்.

முதலாவது, கேட்கும் முறை. 'முகவரி அனுப்புங்கள்' என்னும்போது மரியாதை விகுதியிலேயே அடங்கியுள்ளது. 'சென்ட் அட்ரஸ்' என்று எழுதினால் மரியாதை உதிர்ந்து கட்டளையே எஞ்சும். ஆங்கிலத்தில் 'யூ' என்னும் ஒரே சொல் நீயாகவும் நீங்களாகவும் நிற்பதால், மரியாதையைக் கேள்வி வடிவில் காட்டவேண்டும்: 'குட் யூ ப்ளீஸ் சென்ட் யுவர் அட்ரஸ்?'

இரண்டாவது, மறுக்கும் முறை. நம்மிடையே 'பார்க்கலாம்' என்பது பல வேளைகளில் நயமான மறுப்பு. அக்கருத்தில் 'ஓகே' என்று எழுதிவிட்டால் அதனை உடன்பாடாகவே கொள்வர்; குறித்த நாளில் சேலை சேராவிடில் வாக்குத் தவறியவராவோம். ஆகவே, 'சாரி' என்று தொடங்கி, இயலாமையையும் இயலும் நாளையும் தெளிவாக எழுதுக.

மூன்றாவது, தொடங்கி முடிக்கும் முறை. 'சாப்பிட்டீர்களா?' என்பது நமக்கு நல விசாரிப்பு. பிறருக்கு அது விருந்தழைப்பாகத் தோன்றலாம். 'வருகிறேன்' என்று நாம் விடைபெறுவதை அப்படியே மொழிபெயர்த்தால், அவர் வாயிலைப் பார்த்துக் காத்திருப்பார்!

பயிற்சிக்கு வழி எளிது. நமக்கு வரும் செய்திகளில் பிறர் எவ்வாறு கேட்கின்றனர், மறுக்கின்றனர், விடைபெறுகின்றனர் என்பதைக் குறிப்பேட்டில் தனித்தனியே எழுதி வைக்கலாம். இருவர் இருவராக அமர்ந்து, ஒருவர் வாங்குவோராகவும் மற்றவர் விற்போராகவும் எழுதிப் பழகலாம். ஐயம் நேரின், 'இவ்வாறு எழுதுவது முறையா?' என்று அவரையே வினவுவதில் இழுக்கில்லை.

இக்கல்வி இருபாலார்க்கும் உரியது. தமிழ் பயிலும் அயல்நாட்டினர் முதியவரையும் 'நீ' என்று எழுதிவிடக்கூடும். அதனை அவமதிப்பாகக் கொள்ளாது, பெரியவர்களை 'நீங்கள்' என்பதே வழக்கமென்று அன்புடன் உணர்த்துவோமாக. நம் பிழையை அவர் பொறுக்கவேண்டுமென்று விரும்பும் நாம், அவர் பிழையைப் பொறுப்பதே கூட்டுறவுக்கு அழகு.