மழலையர் கண்நலம்

புதுச்சேரி நகரிலிருந்து மேற்கே சென்றால் வில்லியனூரையும், தெற்கே சென்றால் பாகூரையும் அடையலாம். முன்னது சங்கராபரணி ஆற்றங்கரையில் அமைந்தது. பின்னது பரந்த ஏரியும் பசிய வயல்களும் சூழ்ந்தது. பிரெஞ்சு ஆட்சியின் சுவடாக, இவ்வூர்களைத் தலைமையாகக் கொண்ட சிற்றூர்த் தொகுதிகள் இன்றும் ‘கொம்யூன்’ என்றே வழங்கப்பெறுகின்றன. இங்குள்ள மழலையர் அங்கன்வாடிகளில் கூடி ஆடிப் பாடி மகிழ்கின்றனர். அவர்களுடைய கண்களைச் சோதிப்பதற்கும் அவ்விடமே ஏற்றது.

பள்ளி செல்லுமுன்னரே கண்ணைச் சோதிப்பது ஏன் என்னும் வினா எழலாம். கண் ஒளியை ஏற்று அனுப்புகிறது. அதனைப் பொருளாக உணர்வது மூளை. பார்த்துப் பார்த்தே மூளை பார்வையைக் கற்றுக்கொள்கிறது. மாறுகண்ணாலோ பிற குறையாலோ ஒரு கண்ணின் காட்சி மங்கினால், மூளை தெளிந்த காட்சியை மட்டும் கொண்டு, மற்றதைப் புறக்கணித்துவிடுகிறது. நாளடைவில் அக்கண் தன் ஆற்றலை இழக்கிறது. மருத்துவர் இதனைச் ‘சோம்பற்கண்’ என்பர். டேவிட் ஹூபெல், டார்ஸ்டன் வீசல் என்னும் அறிஞர் இருவர் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணைச் சில மாதங்கள் மூடிவைத்து ஆராய்ந்தனர். பின்னர்த் திறந்தும் அக்கண்ணுக்குப் பார்வை செவ்வனே திரும்பவில்லை. வளர்ந்த பூனைகளுக்கோ அத்தீங்கு நேரவில்லை. காட்சி பற்றிய ஆராய்ச்சிக்காக இவர்கள் 1981-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர்.

இக்குறையுடைய குழந்தை முறையிடுவதில்லை. தெளிவாகக் கண்டறியாத கண்ணுக்கு மங்கலே இயல்பு. நல்ல கண்ணின் துணையால் அது ஓடும்; ஆடும்; தொலைவில் வரும் தாயையும் அறியும். ஆதலின் பெற்றோர் ஐயுறுவதில்லை.

சோதனை எளியது. எழுத்தறியாத குழந்தைக்கு எழுத்து அட்டை பயன்படாது. வீடு, வட்டம், சதுரம் முதலிய படங்களைச் சற்றுத் தொலைவில் காட்டி, ஒரு கண்ணை மூடி, ஒத்த படத்தைக் கையிலுள்ள அட்டையில் தொடச் செய்வர். குழந்தை அதனை விளையாட்டென்றே எண்ணும். நல்ல கண்ணை மூடும்போது மட்டும் அழுது கையைத் தள்ளினால், மறு கண்ணில் குறை இருத்தல் கூடும். கண்மணியில் வெண்மை தோன்றினாலோ ஒரு நாளும் தாழ்த்தலாகாது. அது கண்புரையாகவோ, உயிரைப் பறிக்கும் புற்றுநோயாகவோ இருக்கலாம்.

குறையுடைய குழந்தையை மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும். மருத்துவர் கண்ணாடி அணிவிப்பார். வேண்டுமாயின், நல்ல கண்ணை நாள்தோறும் சில மணி நேரம் மறைத்து, சோம்பிய கண்ணை உழைக்கச் செய்வார். ஏழு வயதுக்குள் தொடங்கினால் பயன் மிகுதி. பெண் குழந்தைக்குக் கண்ணாடி அணிவித்தால் நாளைத் திருமணம் தடைப்படுமே எனச் சிலர் தயங்குவர். அத்தயக்கத்தால் இழக்கும் பார்வையை எப்பொருள் கொடுத்தும் பெறல் அரிது.

மருத்துவ வசதி தொலைவில் இல்லை. கைவிரல்கள் மூட்டுநோயால் கோணியும் தளராத டாக்டர் கோ. வேங்கடசாமி, 1976-ஆம் ஆண்டில் மதுரையில் பதினொரு படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அதன் கிளை 2003-ஆம் ஆண்டில் புதுச்சேரியை அடுத்த தவளக்குப்பத்தில் அமைந்தது. சிறார் நலன் காக்க 2013-ஆம் ஆண்டில் இந்திய அரசு தொடங்கிய திட்டத்தின்படி, மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கே சென்று குழந்தைகளைச் சோதிக்கின்றனர்.

கண் கெட்ட பின்னர்ச் சூரிய வணக்கம் எதற்கு என்பது பழமொழி. தம்பி தங்கையர் கண்ணில் மாறுபாடு கண்டால், பெற்றோர்க்கு அன்றே உரைத்தல் மூத்த பிள்ளைகளின் கடமையாகும்.